சாயும் விளக்குக் கம்பம்: குற்றவாளி காற்றா, குழியா?

போடி,–

அதிகாலை 5 மணி. போடிநாயக்கனூரில் இன்னும் இருட்டு விலகவில்லை. கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. பெண்கள் இரண்டு மூன்று பேராக வந்து தெருமுனையில் நிற்கிறார்கள்.

இவர்கள் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஜீப் வரும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டு போய், அங்கிருந்து கேரள எல்லைக்குள் இருக்கிற தோட்டங்களுக்குப் போவார்கள்.

ஜீப் வரும்வரை அவர்கள் நிற்பது எங்கே? விளக்குக் கம்பத்தின் அடியில்தான். வெளிச்சம் அங்கேதானே இருக்கிறது!

அந்தக் கம்பமே சாய்ந்தால் யார் தலையில் விழும்? சொல்லவே வேண்டாம்.

எங்கள் தெருக் கம்பம்

நான் குடியிருந்த தெருவில் ஒரு இரும்புக் கம்பம். புதிதாக நட்டது. ஐப்பசி அடைமழை நாலு நாள் விடாமல் ஊற்றியது. கம்பம் மெதுவாக டீக்கடை பக்கம் தலையைச் சாய்த்துவிட்டது.

"பேய்க்காத்து அடிச்சதுல்ல, அதான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான கொத்தனார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "காத்தைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி. குழியைத் தோண்டும்போது வந்து பாருங்க" என்றார்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பத்தைக் கழற்றி அடியைத் தோண்டினார்கள். எட்டிப் பார்த்தேன்.

வெளியே பார்க்கப் பெரிய கான்கிரீட் மேடை. உள்ளே ஆழம் ஒன்றரை அடிதான்! அதுவும் தேங்காய்ச் சிரட்டை மாதிரி மேலே அகலம், கீழே குறுகல். அடியில் கெட்டியான தரை இல்லை. தோண்டும்போது உதிர்ந்து விழுந்த பொலபொல மண்ணின் மேலேயே கலவையைக் கொட்டி மூடியிருந்தார்கள்.

"சிரட்டையைத் தரையில வச்சு ஒரு விரலால தட்டிப் பாருங்க, ஆடும். இதுவும் அதேதான்" என்றார் கொத்தனார்.

காற்றுக்கு எத்தனை பலம்?

காற்றுக்குக் கை கிடையாது. ஆனால் தள்ளு உண்டு.

கட்டிடங்கள் எந்தக் காற்றைத் தாங்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தில் கணக்கு இருக்கிறது. மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டர் வேகம். மணிக்கு 140 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு இன்னும் அதிகம், வினாடிக்கு 50 மீட்டர்.

39 மீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 93 கிலோ அழுத்தம் கொடுக்கும். ஒல்லிக் கம்பம்தானே என்று நினைக்கக் கூடாது. 20 அடி உயரத்தில் தள்ளுகிற காற்று, அடியைக் கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி நெம்பும். கடப்பாரை நீளமாக இருந்தால் பாறாங்கல்லே புரளும் அல்லவா? அந்தக் கதைதான்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சேதமடைந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய புயலுக்குக் கம்பமே முறியும். ஆனால் சாதாரண மழைக்காற்றுக்கு ஒரு கம்பம் வேரோடு சாய்ந்தால், பழி காற்றின் மேல் இல்லை.

ஆறில் ஒரு பங்கு

நேராக மண்ணில் நடுகிற சிமெண்டுக் கம்பத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். 9 மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர். அதாவது 5 அடி ஆழம்.

போல்ட்டு போட்டு நிறுத்துகிற இரும்புக் கம்பத்துக்குக் கான்கிரீட் அடித்தளமே வேர். 2 அடி நீளம், 2 அடி அகலம், மூன்றரை அடி ஆழம் என்று போட்டால் 14 கன அடி. கான்கிரீட் கன அடிக்கு சுமார் 68 கிலோ. ஆக மொத்தம் 950 கிலோ! ஒரு மாருதி கார் மாதிரி கனம். 20 அடிக் கம்பம் அசையுமா?

அதையே ஒன்றரை அடி ஆழத்தில் நிறுத்தினால் 400 கிலோதான். பாதிகூட இல்லை. சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும் போய்விடும்.

இதற்கு எவ்வளவு சிமெண்டு செலவு? ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்ற கலவையில் 14 கன அடிக்கு மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான். மிச்சம் பிடிப்பது ஒன்றிரண்டு மூட்டை. பணயம் வைப்பது மனித உயிர்.

கொத்தனார் சொன்ன பாடம்

மறுபடி கம்பம் நடும்போது பெரியவர் பக்கத்திலேயே நின்றார். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

குழி மேலும் கீழும் ஒரே அகலம் இருக்கவேண்டும். அடி கொஞ்சம் அகன்றால் இன்னும் நல்லது. உதிரி மண்ணை அள்ளிவிட்டு, அடியைத் திம்ஸு கட்டையால் இடிக்கவேண்டும். அதன் மேல் நாலு அங்குலம் மட்டக் கலவை.

மின்கம்பி வருகிற குழாயைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே வளைத்து வைத்துவிடவேண்டும். பிறகு உளி வைத்து உடைத்தால் அடித்தளம் பலவீனம்.

நாலு போல்ட்டுகளையும் துளையிட்ட தகட்டில் மாட்டி, ரசமட்டம் பார்த்து நிறுத்தவேண்டும். ஒரு போல்ட்டு அரை அங்குலம் தள்ளினாலும் கம்பம் உட்காராது. அப்புறம் சுத்தியலால் அடித்து வளைப்பார்கள். அங்கேதான் வினை!

தண்ணீர் அளவாக ஊற்றவேண்டும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் போதும். "கஞ்சி மாதிரி இருந்தா கொட்டுறதுக்கு லேசு தம்பி. நிக்கிறதுக்குக் கஷ்டம்" என்றார். கொட்டியதும் கம்பியால் நன்றாகக் குத்திவிடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பொந்து விழும்.

அப்புறம் ஈரச்சாக்கு. குறைந்தது 7 நாள் நனைக்கவேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் 10 நாள். மறுநாளே கம்பத்தைத் தூக்கி மாட்டுகிற அவசரம் கூடவே கூடாது.

மேடை தரையைவிட அரை அடி உயர்ந்து, நாலு பக்கமும் சரிந்து இருக்கவேண்டும். தண்ணீர் தேங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். கம்பம் அரிப்பது பெரும்பாலும் தரையை ஒட்டிய அந்த ஒரு சாண் இடத்தில்தான்.

மலைச்சரிவில் வேறு கணக்கு

போடி ஊருக்குள் இது போதும். குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு பக்கம் போனால் கணக்கு மாறும்.

சரிவில் நட்ட கம்பத்துக்கு மேல்பக்கம் மண் இருக்கும். பள்ளத்துப் பக்கம் பிடிமானம் குறைவு. அதனால் ஆழத்தைப் பள்ளத்துப் பக்கத்திலிருந்து அளக்கவேண்டும். ரோடு போடும்போது வெட்டிக் கொட்டிய மண்ணில் நடவே கூடாது. மேல்பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடவேண்டும். பள்ளத்துப் பக்கம் கல்கட்டு வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று மண்ணைப் பார்த்து என்ஜினீயர்தான் முடிவு செய்யவேண்டும்.

தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு இந்த மலையே சாட்சி. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை ரெயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து 5 கிலோமீட்டர் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்தது. 1924-ம் ஆண்டு பெருவெள்ளம் அந்த ரெயில் பாதையையே அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளத்தைத் தூக்கிய தண்ணீருக்கு விளக்குக் கம்பம் எம்மாத்திரம்?

பொதுமக்கள் கவனத்துக்கு

கம்பம் சாய்ந்திருந்தால், அடி மேடை வெடித்திருந்தால், தரையை ஒட்டித் துரு உதிர்ந்தால் உடனே சொல்லுங்கள். ஊருக்குள் நகராட்சி, கிராமத்தில் ஊராட்சி. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

நீங்களே கயிறு கட்டி இழுக்காதீர்கள். கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். ஈரமான கம்பத்தில் கசிவு இருந்தால் தொட்டவர் பிழைப்பது அரிது. கான்கிரீட்டில் நிற்கிறதே என்று நம்பவேண்டாம். எர்த் தனியாகப் போட்டிருக்கவேண்டும்.

கம்பத்தில் ஆட்டைக் கட்டுவது, துணிக்கொடி கட்டுவது, பேனர் கட்டுவது மூன்றும் வேண்டாம். பேனர் காற்றில் பாய்மரம் மாதிரி கம்பத்தை இழுக்கும்.

எங்கள் தெருக் கம்பம் இப்போது நேராக நிற்கிறது. அடுத்த ஐப்பசி மழையும் வந்து போனது. அசையவில்லை.

விடிகாலையில் அதன் அடியில் ஜீப்புக்கு நிற்கிற பெண்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. குழி தோண்டுகிறவருக்கும், அதை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரிந்தால் போதும்!