வளர்ப்பது ஈஸி, காப்பாற்றுவதுதான் கஷ்டம்: மாட்டு வைரஸை லேபில் எப்படி வைத்திருக்கிறார்கள்?

ஒரு வைரஸை உயிரோடு வைத்திருக்க ஆராய்ச்சியாளர்கள் படாத பாடு படுகிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? பி.ஆர்.எஸ்.வி. அப்படி ஒரு நோஞ்சான். முழுப்பெயர் போவைன் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ். கன்றுக்குட்டிகளின் நுரையீரலைத் தாக்கி நிமோனியாவில் தள்ளும். ஐரோப்பா, வட அமெரிக்கப் பண்ணைகளில் குளிர்காலம் வந்தாலே இதன் பேச்சுதான். தொழுவத்தில் இத்தனை ஆட்டம் போடுவது, லேபுக்கு வந்தால் பெட்டிப்பாம்பு!

எப்படி வளர்க்கிறார்கள்?

பாக்டீரியா என்றால் சத்துக் கலவையில் போட்டால் பெருகிவிடும். வைரஸுக்கு உயிருள்ள செல் வேணும். மாட்டின் மூக்கு அல்லது சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களை முதலில் குடுவையில் 37 டிகிரியில் படரவிடுகிறார்கள். அப்புறம்தான் வைரஸைச் சேர்ப்பது. சில நாட்களில் பக்கத்துப் பக்கத்து செல்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்லாகிவிடும். பெயரில் இருக்கும் ‘சின்சிஷியல்’ இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை: செல்களுக்குத் தீனியே பெரும்பாலும் மாட்டு ரத்தத்தில் பிரித்த சீரம். அதில் வேறொரு மாட்டு வைரஸ் ஒளிந்திருக்கலாம். இதே வைரஸை மடக்கும் ஆன்டிபாடியும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாமல் ஊற்றினால் மொத்த உழைப்பும் வீண்.

ஃப்ரீசரில் வைத்தால் போதாதா?

போதாது. இதன் மேலுறை கொழுப்பால் ஆனது. மெதுவாக உறையவைத்தால் சிதையும். வீட்டு ஃப்ரீசர் மாதிரி மைனஸ் 20 டிகிரியில் வீரியம் வடிந்துபோகும். அதனால் சுக்ரோஸ் சர்க்கரை கலந்து, உலர்பனியிலோ திரவ நைட்ரஜனிலோ சட்டென உறையவைத்து மைனஸ் 80-ல் வைக்கிறார்கள். உருக்கி மறுபடி உறையவைத்தால் கணிசமான வைரஸ் காலி. எனவே குட்டிக் குட்டிக் குப்பிகள். ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான்.

ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

வைரஸின் மேலுள்ள ‘எஃப்’ புரதம்தான் செல்லுக்குள் நுழையும் சாவி. இழுத்துக் கட்டிய ஸ்பிரிங் போன்றது. அவிழ்ந்தால் வடிவமே மாறிவிடும். வலுவான ஆன்டிபாடிகள் பலவும் அவிழாத வடிவத்தையே குறிவைக்கின்றன. ஆக, குப்பியில் வைரஸ் இருந்தால் மட்டும் போதாது, வடிவமும் கெடக்கூடாது.

இதன் விலை பெரிது. 1960-களில் இதன் நெருங்கிய சொந்தமான மனித ஆர்.எஸ்.வி.யை ஃபார்மலினில் கொன்று தயாரித்த தடுப்பூசி அமெரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. அது காக்கவில்லை, பின்னர் தொற்று வந்தபோது நோய் இன்னும் முற்றியது. 2 குழந்தைகள் இறந்தனர். அந்தத் தடுப்பூசியில் அவிழாத வடிவம் இல்லை என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது.

அவிழாதபடி பூட்டிய ‘எஃப்’ புரதம் கன்றுகளைக் காத்ததாக 2017-ல் ஆய்வு வெளியானது. அதே உத்தியில் உருவான மனிதத் தடுப்பூசிகளுக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.