டிரம்ஸுக்கு சிம்பல் வாங்கப் போறீங்களா? பித்தளையா, வெண்கலமானு முதல்ல பாருங்க!

ஆடி மாசம் வந்துட்டா சேலம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் கோயில் பண்டிகையும் கச்சேரி மேடையும் களைகட்டும். புதுசா டிரம் செட் வாங்கி மேடையேறும் இளைஞர்கள் பலரும் டிரம்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, சிம்பலில் கோட்டை விடுகிறார்கள். டிரம் சத்தத்தைத் தோல் மாற்றி, சுருதி சேர்த்து ஓரளவு சரிசெய்யலாம். சிம்பலில் அந்த வேலையெல்லாம் நடக்காது. வாங்கும்போது என்ன சத்தமோ, கடைசி வரை அதே சத்தம்தான்.

விலை ஏன் இவ்வளவு மாறுது?

எல்லாம் உலோகக் கலவைதான் காரணம். ஆரம்ப நிலை செட்டுகளோட சேர்ந்து வர்ற சிம்பல்கள் பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். தட்டினால் சமையல்கட்டில் தாம்பாளம் விழுந்த மாதிரி கேட்கும். வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும். இதில் 8% வெள்ளீயம் இருந்தால் 'பி8', 20% இருந்தால் 'பி20'. வெள்ளீயம் செம்பைவிட விலை அதிகம். அது கூடும்போது உலோகம் எளிதில் உடையும் தன்மைக்கு வருவதால், பழுக்கக் காய்ச்சித்தான் தகடாக்க முடியும். விலை ஏறுவது இதனால்தான்.

கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் குரலை 'வெண்கலக் குரல்' என்றுதானே சொல்கிறோம்? யாரும் பித்தளைக் குரல் என்று பாராட்டியதில்லை. நம்ம ஆட்களுக்கு இந்த வித்தியாசம் எப்பவோ தெரியும். ஆதிச்சநல்லூர் அகழாய்விலேயே வெள்ளீயம் அதிகம் கலந்த வெண்கலக் கலங்கள் கிடைத்திருக்கின்றன. 1623-ல் இஸ்தான்புல்லில் தொடங்கி, இப்போது அமெரிக்காவில் இயங்கும் ஜில்ஜியான் நிறுவனத்தின் உயர்ரக சிம்பல்களும் இதே செம்பு-வெள்ளீயக் கலவைதான்.

அதுக்காக பி8 மட்டம்னு நினைக்க வேண்டாம். ராக் இசையில் புகழ்பெற்ற பைஸ்டே 2002 வரிசை, 1971-லிருந்து பி8 கலவையில்தான் வருகிறது.

எதை முதல்ல வாங்கணும்?

பட்ஜெட் குறைவு என்றால் முதல் செலவு 14 இன்ச் ஹைஹாட்டுக்கு. குத்துப்பாட்டோ மெலடியோ, பாட்டு முழுக்க கை அங்கேதான் இருக்கும். அடுத்து 20 இன்ச் ரைடு. 16 இன்ச் க்ராஷ் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை.

மெல்லிய சிம்பல் தொட்டதும் விரிந்து சீக்கிரம் அடங்கும். கனமானது சத்தம் கூடுதல், அடங்கவும் நேரமாகும். சின்ன மேடையில் பாடகர் பக்கத்திலேயே நிற்பார். கனமான க்ராஷை அடித்தால் அவர் மைக்கில் உங்க சிம்பல்தான் பாடும். அதனால மெல்லியதே நல்லது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

தாராளமா. புதுப் பித்தளையைவிட பழைய வெண்கலம் எவ்வளவோ மேல். ஆனா காசு கொடுக்கும் முன் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பாருங்க; மயிரிழை விரிசல்கூட தட்டுப்படும். நடு ஓட்டை வட்டமா இல்லாம சாவித்துவாரம் மாதிரி நீண்டிருந்தால், ஸ்டாண்டு கம்பியில் பிளாஸ்டிக் டியூப் போடாமலே வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விரலில் தொங்கவிட்டு ஸ்டிக்கால் தட்டிக் கேளுங்க. நாதம் சட்டென்று அறுந்தாலோ, 'கிர்ர்' என்று அதிர்ந்தாலோ வேண்டாம்.

லாரி பாடி கட்டும் நாமக்கல்லில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லைதான். ஆனா விரிசல் விட்ட சிம்பலை அங்கே கொண்டு போகாதீங்க. சூடு பட்டால் மிச்சமிருக்கும் நாதமும் போய்விடும்.

வாங்கிய பிறகு மேல் நட்டை இறுக்கி முடுக்க வேண்டாம். சிம்பல் ஆட இடம் வேண்டும், இல்லைன்னா விரிசல்தான். ஸ்டிக்கை நேராகக் குத்தாமல், பக்கவாட்டில் வழுக்கி எடுங்க. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கைரேகையைத் துடைத்தால் போதும். வீட்டில் அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும். கூடவே மேல்பூச்சும் கம்பெனி பெயரும் கழுவிக்கொண்டு போகும்.