பழைய டீசல் கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குதா? முதல்ல புகையைப் பாருங்க!

டீசல் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் ஆகிய மூன்றிலும் ஓடுவது ஒரே இன்ஜின்தான்: ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. அதனால் இந்த கார்களை இனி செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும். வாங்கிய சில மாதங்களில் பலர் சொல்லும் புகார், "செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது".

ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இன்ஜெக்டர் போச்சு சார், நாலையும் மாத்திடலாம்". பில் பல ஆயிரங்களைத் தாண்டும். ஆனால், இதே பிரச்சினையை ஒரு தேய்ந்த ரப்பர் வாஷரோ, பாசி பிடித்த எர்த் வயரோகூட உண்டாக்கலாம். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: டீசல் சிலிண்டருக்குள் போகிறதா, இல்லையா?

அதை சைலன்சரே சொல்லிவிடும். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தால் போதும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை.

வெள்ளைப் புகை வந்தால்...

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16, 17 மடங்கு அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. அந்த சூடு போதவில்லை என்றால் காரணம் மூன்று: ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், மெதுவாகச் சுத்தும் செல்ஃப்.

ஹீட்டர் பிளக்கை சோதிக்க சாதாரண மல்டிமீட்டர் போதும். வயரைக் கழற்றிவிட்டு பிளக்கின் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே அளந்தால், நல்ல பிளக் 1 ஓம் அளவில் காட்டும். கனெக்‌ஷனே இல்லை என்று காட்டினால் பிளக் போய்விட்டது. ஆனால், சென்னை வெயிலுக்கு ஒரு பிளக் போனாலும் நல்ல இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஊட்டி, கொடைக்கானல் ஜனவரியில்தான் அதன் அருமை தெரியும். சமவெளியிலேயே காலையில் அடம்பிடித்தால், பிளக்கை மட்டும் குறை சொல்லாமல் கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரியை மறக்கக் கூடாது. நிற்கும்போது 12.6 வோல்ட் இருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையும், அதன் டெர்மினல்களையும் எர்த் வயரையும்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

புகையே வரலைன்னா...

காமன் ரெயில் டீசல் காரில் ரெயிலுக்குள் சுமார் 200 பார் அழுத்தம் சேராதவரை, கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் பேட்டரிதான் இறங்கும். அழுத்தம் ஏறுகிறதா என்பதை ஸ்கேனரில் நேரடியாகப் பார்க்கலாம்.

ஏறவில்லை என்றால், எப்போது மக்கர் பண்ணுகிறது என்பதை வைத்துப் பிரிக்கலாம். ராத்திரி முழுக்க நின்ற பிறகு மட்டும் என்றால் பெரும்பாலும் 'ஏர் பிடிக்கிற' கதை. ஃபில்டர் வாஷர், ஹோஸ் கிளிப் வழியாகக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். காரின் மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் நிறுத்தினால் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் சந்தேகம் வலுக்கிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கொஞ்ச நேரம் ஒரு கண்ணாடி போன்ற டியூபைப் போட்டால் குமிழ்கள் கண்ணுக்கே தெரியும்.

மாறாக, சூடான இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் டீ குடித்து வந்தால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், இன்ஜெக்டர் மேல் சந்தேகப்படலாம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக ரிட்டர்ன் லைனில் கசிந்துவிடும். சூட்டில் மட்டும் சொதப்பும் கிராங்க் சென்சாரும் இதே வேலையைச் செய்யும். விலையில் அது எவ்வளவோ தேவலை, அதை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்ஜெக்டர்தானா என்று உறுதிசெய்ய 'ரிட்டர்ன் டெஸ்ட்' இருக்கிறது. நான்கின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு பாட்டில்களில் விட்டு செல்ஃப் அடிப்பார்கள். ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. "நாலும் போச்சு" என்று சொல்பவரிடம் இந்த டெஸ்ட்டைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ரெண்டு விஷயம் மட்டும் வேண்டாம். ஈதர் ஸ்பிரேயை ஏர் இன்டேக்கில் அடிக்காதீர்கள். ஹீட்டர் பிளக் சூட்டில் அது வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். பழைய லாரிகளில் செய்வது போல இன்ஜெக்டர் பைப்பை லூஸ் பண்ணவும் கூடாது. ரெயிலின் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு: பார்க்கப் போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த நாள் விடிகாலையில், யாரும் தொடுவதற்கு முன் வருவதாகச் சொல்லுங்கள்.