தோட்டத்திலே தொடங்கும் சமையல்

சமையல் நூலை நாம் கையில் எடுப்பது பெரும்பாலும் அவசரத்திலேதான். வேண்டிய பண்டத்தின் பெயரைத் தேடி, அளவைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுகிறோம். ஆயினும், அடுப்பு மூட்டும் எண்ணமின்றியே ஆறுதலாக இருந்து பக்கம் பக்கமாகச் சுவைக்கத்தக்க சமையல் நூல்களும் உள. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஷே பனீஸ் வெஜிடபிள்ஸ்’ அத்தகையதொரு நூல். ஆக்கியோர் அலிஸ் வாட்டர்ஸ் அம்மையார்.

திறந்ததும் கண்ணைக் கவர்வன சித்திரங்கள். சமையல் நூல்களிலே வழக்கமாகக் காணும் பளபளப்பான புகைப்படங்களுக்குப் பதிலாக, பற்றீஷியா கேட்டன் என்னும் ஓவியர் லினோலியத்திற் செதுக்கி, வர்ணம் பூசி அச்சிட்ட படங்களை இதிலே காண்கிறோம். அவர் வாட்டர்ஸ் அம்மையாரின் உணவகத்து அடுக்களையில் முன்னர் பணியாற்றியவர். அதன் உணவுப் பட்டியல்களையும் அழகுற அச்சிட்டவர். காயை நறுக்கிப் பழகிய கை தீட்டிய படங்களாதலால், அவற்றில் இலையும் தண்டும் உயிரோடு நிற்கின்றன.

நூலின் அமைப்பும் தனிச்சிறப்புடையது. ஒவ்வொரு மரக்கறிக்கும் ஓர் அத்தியாயம் என ஆங்கில அகரவரிசையில் வகுத்திருக்கிறார்கள். அவ்வரிசையிலே முதலில் நிற்பது எது தெரியுமா? நம் வீட்டுக் கொல்லைக்குப் பழக்கமான தண்டுக்கீரையின் இனந்தான்! அக்காய் விளையும் பருவம் எது, நல்லதைத் தெரிந்தெடுப்பது எப்படி, துப்புரவாக்குவது எப்படி என்பனவற்றைச் சொன்ன பின்னரே சமையல் முறை வருகிறது. ‘இன்று என்ன சமைக்கலாம்?’ என்று கேட்பது நம் வழக்கம். ‘இன்று என்ன விளைந்திருக்கிறது?’ என்று முதலிற் கேட்கச் சொல்கிறது இந்நூல்.

இக்கேள்வி ஏட்டிலே பிறந்ததன்று. 1965ஆம் ஆண்டில் மாணவியாகப் பிரான்சு தேசம் சென்ற அம்மையார், அங்கே மக்கள் அன்றாடம் சந்தைக்குச் சென்று, அன்று வந்ததை வாங்கிச் சமைப்பதைக் கண்டார். 1971ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரிலே ‘ஷே பனீஸ்’ உணவகத்தைத் திறந்தார். நாளுக்கு ஒரே உணவுப் பட்டியல். அதுவும் நாள்தோறும் மாறும். நல்ல காய்கறி தேடி அயலார் தோட்டங்களை நாடியவர்கள், காலப்போக்கிற் சுற்றுப்புறப் பண்ணைகளோடு நிலையான தொடர்பு கொண்டனர். சொனோமாப் பகுதிப் பண்ணையொன்றிலிருந்து காய்கறி வரும். அடுக்களைக் கழிவு உரமாவதற்கு அப்பண்ணைக்கே திரும்பும்.

எந்தக் காயும் எந்த மாதத்திலும் கடையிற் கிடைக்கையில், பருவத்தைப் பார்ப்பானேன் எனச் சிலர் வினவலாம். நெடுந்தூரம் ஏற்றிச் செல்வதற்காகப் பச்சையாகப் பறித்து, எதிலீன் வாயுவினாற் பழுக்கவைக்கும் தக்காளியை எண்ணிப் பாருங்கள். நிறம் வந்துவிடும், செடியிலே கனிந்த பழத்தின் சுவை வாராது. இழப்பு நாவுக்கு மட்டுமன்று. தூரத்துக் காயையே எல்லோரும் வாங்கினால், அயலிலே பாடுபடும் சிறு கமக்காரன் தன் விளைச்சலை யாரிடம் விற்பான்? கடையிலே மட்டும் காயைக் கண்டு வளரும் பிள்ளை, அது கொடியிற் காய்ப்பதா, மண்ணுள் விளைவதா என்பதை எங்ஙனம் அறியும்?

இத்தகைய உணவகத்திலே உண்ணுதல் எல்லோர்க்கும் இயலாது. அங்கு விலை அதிகம். ஆனால் நூலின் நெறிக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பருவத்திலே மலிந்து கிடக்கும் காய், விலையிலும் பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். புதிய காய்க்குச் சிறிது எண்ணெயும் உப்புமே போதியனவாதலும் உண்டு. அம்மையாரும் இந்நெறியை உணவகத்தோடு நிறுத்திவிடவில்லை. 1995ஆம் ஆண்டில், பேர்க்கிலிப் பாடசாலையொன்றின் வெற்று நிலத்தைத் தோட்டமாக்கும் முயற்சியைத் தொடங்கிவைத்தார். மாணவர் தாமே நட்டு, பறித்து, சமைத்து, கூடியிருந்து உண்ணும் வழக்கம் அங்கே உருவாயிற்று.

இல்லத்தரசியர்க்கும் மாணவர்க்கும் நாம் கூற விரும்புவது ஒன்றே. இந்நூல் கிட்டினாற் படித்து மகிழுங்கள்; கிட்டாவிடினும் அதன் முதற் பாடம் நம் சந்தையிலேயே இருக்கிறது. கூடையோடு அமர்ந்திருக்கும் கிழவியிடம், “ஆச்சி, இன்று காலை பறித்தது எது?” என்று கேளுங்கள். அவர் எடுத்துத் தருவதைக் கொண்டு அன்றைய சமையலை முடிவுசெய்யுங்கள்.