பெயர் பிழைத்ததால் பிழைத்த செடி

ஞாயிறு சிரமதானம். மண்வெட்டி, கத்தி, உழவு இயந்திரப் பெட்டி ஒன்று, மதியத்துக்குச் சோற்றுப் பொதி. பின்னேரம் குளத்தில் தண்ணீர் தெரியும். கரையில் வரிசையாக நின்று படம் எடுத்துவிட்டுக் கலைந்து போவோம். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் பாய் விரித்த மாதிரி மறுபடி பச்சை. திருகோணமலையின் அன்புவழிபுரத்தில் இருந்தாலும் தம்பலகாமத்தில் இருந்தாலும், குளத்தோடும் வாய்க்காலோடும் வாழ்கிறவர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

அலட்சியம் என்று ஒருவரை ஒருவர் குறை சொல்வதற்கு முன் கணக்கைப் பாருங்கள். சல்வீனியா என்ற மிதக்கும் களை வாய்ப்பான நீரில் பத்து நாளுக்குள் இரட்டிப்பாகும். சில வேளை இரண்டு மூன்று நாளே போதும். நூறில் ஒரு பங்கு நாணலுக்குள் ஒளிந்துகொண்டது என்று வைப்போம். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஏழாவது இரட்டிப்பில் குளம் நிறைந்துவிடும். பத்து நாளுக்கு ஒரு தரம் என்றால் எழுபது நாள். விதை வேண்டாம், பூ வேண்டாம். ஒடிந்த துண்டு ஒன்றே போதும். இந்தச் செடி மலடு. உலகில் எங்கே மிதந்தாலும், ஒடிந்து ஒடிந்து பெருகிய உடலின் பகுதிதான் அது.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில்தான் முதல் சிக்கல். சித்த மருத்துவ நூல்களில் ஆகாயத்தாமரை என்றால் முட்டைக்கோசு மாதிரி மிதக்கும் சிறு செடி. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அதே பெயர் ஊதாப்பூச் செடியைக் குறிக்கிறது. அந்த ஊதாப்பூச் செடி நம் கிழக்கில் ஆற்றுவாழை. சல்வீனியாவோ பூக்காத பன்னம். இலையின் மேல் மயிர்கள் நுனியில் கூடி, முட்டை அடிக்கும் கம்பிபோல் நிற்கும்; தண்ணீர் ஒட்டாது. வேர் என்று நாம் நினைப்பது நீருக்குள் தொங்கும் மூன்றாவது இலை.

ஆற்றுவாழைக்குச் சிங்களத்தில் ‘ஜப்பான் ஜபர’ என்று பெயர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் யப்பான் விமானங்கள் தரை என்று நம்பிக் குளத்தில் இறங்கட்டும் என்று வெள்ளைக்காரன் வளர்த்தான் என ஒரு கதை உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானின் குண்டுகளை வாங்கிய திருகோணமலையில் இந்தக் கதை எடுபடும். ஆனால் ஆற்றுவாழையை ஒழிக்க இலங்கையில் தனிச் சட்டம் வந்தது 1909 இல். யுத்தத்துக்கு முப்பது வருடம் முந்தியே அது தலையிடியாகிவிட்டது.

சல்வீனியா வந்த கதை இன்னும் வேடிக்கை. 1939 இல் கொழும்பில் தாவரவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தக் கொண்டுவந்தார்கள். வகுப்பறையிலிருந்து வயலுக்குப் போய்விட்டது. ஆபிரிக்காவிலும் அதே செடி கரிபா நீர்த்தேக்கத்தில் 1962 அளவில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றரை மூடியது. அதை ‘சல்வீனியா ஓரிகுலேட்டா’ என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த இனத்தின் மேல் வாழும் பூச்சிகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். பெரிதாகப் பலனில்லை. 1972 இல் மிட்செல் என்ற ஆய்வாளர் இது வேறு இனம் என்று காட்டி, ‘மொலஸ்டா’ என்று பெயரிட்டார். தொல்லை தருவது என்று பொருள். சரியான பெயர் கிடைத்த பிறகுதான் அதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்பது 1978 இல் தெரிந்தது. அங்கே அதைத் தின்னும் கூன்வண்டும் கிடைத்தது. அந்த வண்டையும் முதலில் வேறொரு இனம் என்றே நினைத்தார்கள்! அதற்குத் தனிப் பெயர் வந்தது 1985 இல்.

இரண்டு மில்லிமீற்றர், எள்ளுப் பருமன். வளர்ந்த வண்டு குருத்தைத் தின்னும். புழு தண்டைத் துளைக்கும். அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் 1980 இல் விட்டார்கள். ஒன்றரை வருடத்துக்குள் ஏரியில் செடி அழிந்தது. இலங்கைக்கு வண்டு 1986 இல் வந்தது. போட்ட காசுக்கு 53 மடங்கு நன்மை என்று பின்னர் பொருளியல் கணிப்பு ஒன்று சொன்னது. நம் நாட்டில் வேளாண்மைக்குச் செலவழித்த எந்தப் பணமும் இவ்வளவு திரும்பியிருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் வண்டு மந்திரவாதி அல்ல. பப்புவா நியூகினியில் செடி சத்தில்லாமல் மஞ்சளித்துக் கிடந்த இடங்களில் வண்டு பெருகவில்லை. ஆய்வாளர்கள் செடிக்கு யூரியா போட்டார்கள். களைக்கு உரம் போடுவதா என்று எந்தக் கமக்காரரும் சிரிப்பார். செடியில் நைதரசன் ஏறியதும் வண்டு பெருகியது, செடி அழிந்தது.

கையால் பிடுங்குவது வீண் என்று நான் சொல்லவில்லை. முட்டைக்கோசு மாதிரியான ஆகாயத்தாமரையின் வேரில் குடம்பியாக ஒட்டி மூச்சுவிட்டு வளரும் மன்சோனியா நுளம்பு ஒருவகை யானைக்கால் நோயைப் பரப்பியது. கிழக்கு மாகாணமும் அதில் அடிபட்டது. குளங்களிலிருந்து அந்தச் செடியை விடாமல் அகற்றியது, 1960களின் இறுதிக்குள் அந்நோய் அடங்கியதற்கு ஒரு காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அல்ல அது, வருடக்கணக்கான வேலை.

உப்பும் நமக்குத் துணை. ஆற்றுவாழையும் சல்வீனியாவும் உவர்நீர் ஏறினால் கருகும். ஆகவே கொட்டியாரக் குடாவைப் பற்றிப் பயமில்லை. நன்னீர்க் குளங்களும் மகாவலியின் வெள்ளம் தேங்கும் வில்லுகளும்தான் கவலை. மகாவலி இன்னொன்றையும் கொண்டுவரலாம். கண்டிப் பக்கத்து ஆற்றங்கரைகளில் 1990களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்ட ராட்சதத் தொட்டாச்சிணுங்கி அது. அதன் நெற்று துண்டு துண்டாக உடையும்; சுணை மூடிய ஒவ்வொரு துண்டும் மிதக்கும். ஆறு முடிகிற இடம் நம் மாவட்டம்.

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இலங்கையின் ஆறு ஈரநிலங்கள் உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. பட்டியலில் பெயர் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த சிரமதானத்துக்கு முதல் நாள், பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரோடு குளத்துக்குப் போங்கள். ஒரு செடியை வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் அமுக்குங்கள். எள்ளுப் பருமனில் கறுத்த வண்டு ஏதும் மேலே ஏறி வருகிறதா, குருத்து கருகியிருக்கிறதா என்று பார்த்துத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். வண்டு இருந்தால் ஒரு மூலையைப் பிடுங்காமல் விடுங்கள். பிடுங்கியதைக் கரையில் குவிக்காதீர்கள். முதல் மழையே அதைத் திரும்பக் குளத்தில் சேர்த்துவிடும்.