செவிப்புலன் குறைந்தோர் கல்வியும் புலமைப்பரிசில்களும்

புலமைப்பரிசில் என்றதும் நம் நாட்டுப் பெற்றோரின் நினைவில் முதலில் எழுவது ஐந்தாம் தரப் பரீட்சையாகும். அதற்கு அடுத்ததாகப் பல்கலைக்கழக மாணவருக்கான மஹாபொல உதவித்தொகை பேசப்படுகின்றது. இவ்விரண்டும் எட்டாத ஒரு பிரிவினர் நம்மிடையே உள்ளனர். பாடசாலையை விட்டு விலகியபின் அடுத்து எங்கு செல்வதெனத் தெரியாது வீட்டில் முடங்கும் செவிப்புலன் குறைந்த இளைஞர், யுவதிகளே அவர்கள். மறுபுறத்தில், இத்தகையோருக்குச் சிறுவயதிலேயே கைகொடுக்க வேண்டிய பேச்சு, செவிப்புலன் துறையைக் கற்கத் தமிழ் மொழிமூல மாணவர்களை ஊக்குவிப்பதும் போதியதாக இல்லை. இவை இரண்டு தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினாலும் ஒன்றிலிருந்து மற்றொன்று விளைவதாகும்.

குழந்தை மொழியைக் காதால் கேட்டே கற்கின்றது. முதல் சில ஆண்டுகளில் அந்த வாயில் அடைபட்டுப்போனால் பின்னர் அதனை ஈடுசெய்வது பெரும்பாடாகும். ஆகவேதான் பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப்புலனைச் சோதித்தல், மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவியை ஆரம்பித்தல் என்ற ஒழுங்கை இத்துறை வல்லுநர்கள் உலகெங்கும் வலியுறுத்துகின்றனர். இந்தக் காலம் வீணாகிவிட்டால், பிள்ளை ஆறாவது வயதில் பேச்சு மொழியும் இன்றி, சைகை மொழியும் இன்றி வகுப்பறைக்குள் நுழைகின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அப்பிள்ளை இடறுவது அறிவுக் குறைவினாலன்று. வினாத்தாளின் மொழி அதனை உரிய காலத்தில் சென்றடையாமையினாலேயே ஆகும்.

இங்கு உதவ வேண்டியவர்கள் இரு பிரிவினர். செவிப்புலனியலாளர் கேட்கும் திறனை அளந்து, பொருத்தமான கருவியைத் தெரிந்து பொருத்துகின்றார். பேச்சு மொழிச் சிகிச்சையாளர் கேட்கும் ஒலியைப் பொருளாக உணரவும், பேசவும் பிள்ளையைப் பழக்குகின்றார். இவ்விரு பணிகளும் மொழியோடு பின்னிப்பிணைந்தவை. ஒருவருக்குப் பேச்சு எவ்வளவு விளங்குகின்றது என்பதை அவரது மொழிச் சொற்களைக் கொண்டே சோதிக்க முடியும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைத் தமிழ் அறியாத ஒருவரால் பழக்க முடியாது. அன்றியும், சிகிச்சையின் பெரும்பகுதி தாய்க்கு வழிகாட்டுவதாகும். ஏறாவூரிலோ, புத்தளத்திலோ, ஹட்டனிலோ உள்ள தாயொருத்தி தன் பிள்ளையோடு வீட்டில் தொடர வேண்டிய பயிற்சியை, இடையில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டுச் செய்வது எவ்வாறு? ஆகவே தமிழ் அறிந்த சிகிச்சையாளர் என்பது சலுகையன்று, சிகிச்சையின் அடிப்படைத் தேவையாகும்.

ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 2008ஆம் ஆண்டு முதல் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்துக்கான நான்கு வருடப் பட்டக் கற்கைநெறி நடைபெற்று வருகின்றது. இத்துறை பற்றி எமது பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் மிகக் குறைவு. மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற மனப்பான்மையே மேலோங்கியுள்ளது. தெரிவாகும் மாணவர்களும் வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்து, ஆங்கில மொழிமூலம் கற்று, வைத்தியசாலைப் பயிற்சிக்காக அலைந்து, விடுதிச் செலவையும் தாங்க வேண்டியுள்ளது. இவர்களுக்கு ஒரு புலமைப்பரிசில் வழங்கி, பட்டம் பெற்றபின் தமிழ் பேசும் மக்கள் வாழும் மாவட்டமொன்றில் குறித்த சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டுமென நிபந்தனை விதிப்பது நியாயமானதே. ஆனால் அம்மாவட்ட வைத்தியசாலைகளில் அதற்கான பதவிகளைச் சுகாதார அமைச்சு உருவாக்காவிட்டால் அந்நிபந்தனை வெறும் கடதாசியாகவே இருக்கும்.

இனி, பாடசாலையை விட்டு வெளியேறுவோரின் நிலையை நோக்குவோம். செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான முதலாவது பாடசாலையை மேரி சப்மன் அம்மையார் 1912ஆம் ஆண்டு இந்நாட்டில் ஆரம்பித்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணம் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956ஆம் ஆண்டு தோன்றியது. நூற்றாண்டு கடந்த இம்முயற்சிகளால் எத்தனையோ பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றுள்ளனர். எனினும் அதன்பின் அவர்களுக்குக் காட்டப்படும் வழி பெரும்பாலும் தையலும் தச்சும்தான். இவை நல்ல தொழில்களே; ஆனால் காது கேளாதவருக்கு இவையே எல்லை என வகுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

இத்தகைய மாணவருக்கு மாதாந்தம் ஒரு தொகையை வழங்குவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. விரிவுரையாளரின் உதட்டசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம் எனச் சிலர் கருதுகின்றனர். படம், மடம் என்ற இரு சொற்களும் உதட்டில் ஒரே மாதிரியே தோன்றும். அவர் கரும்பலகையின் பக்கம் திரும்பிவிட்டால் அதுவும் இல்லை. ஆகவே சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கான கொடுப்பனவு, குறிப்பெடுத்து உதவும் சக மாணவருக்கான சிறு தொகை, செவிப்புலன் கருவிக்கான மின்கலம், திருத்தச் செலவு, மொழியறிவை மேம்படுத்தும் முன்னோடி வகுப்பு ஆகியன புலமைப்பரிசிலின் அங்கமாதல் வேண்டும். பெண் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பாதுகாப்பான விடுதி வசதி இன்றேல் அவர்களுக்கான உதவி பெயரளவிலேயே நிற்கும்.

சட்டத்தில் குறையில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவன அனுமதியிலும் தொழில் வாய்ப்பிலும் பாரபட்சத்தைத் தடை செய்கின்றது. அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை வலுவிழந்தோருக்கு ஒதுக்குமாறு கூறும் சுற்றறிக்கை 1988இல் வெளியானது. ஐ.நா. வலுவிழந்தோர் உரிமைகள் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. சைகை மொழியைக் கற்பதற்கு வழிசெய்தலும், அம்மொழி அறிந்த ஆசிரியரை நியமித்தலும் அதன் 24ஆம் உறுப்புரையில் உள்ள கடப்பாடுகளாகும். ஆயினும் தகைமையுடைய விண்ணப்பதாரர் இல்லையெனின் ஒதுக்கீடு எவருக்குப் பயன்படும்? அந்தத் தகைமையைப் பெற்றுக்கொடுப்பதே புலமைப்பரிசிலின் வேலை.

அரசாங்கத்தை மாத்திரம் நோக்கிக் கைநீட்டிக் கொண்டிருப்பதும் முறையன்று. உட்செவியில் கருவி பொருத்தும் கொக்லியர் சத்திரசிகிச்சைக்குப் பல இலட்சம் ரூபா திரட்ட எமது சமூகம் முன்வருகின்றது. அந்தப் பரிவு பாராட்டுக்குரியது. ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி இன்றேல், பொருத்திய கருவி அதன் முழுப் பயனையும் தராது. பள்ளிவாசல்களின் ஸக்காத் நிதியமாயினும், ஆலய அறங்காவலர் சபையாயினும், புலம்பெயர்ந்தோரின் பழைய மாணவர் சங்கமாயினும், ஒவ்வொன்றும் இத்துறையில் கற்கும் மாணவர் ஒருவரையும், செவிப்புலன் குறைந்து பாடசாலையை முடித்த ஒருவரையும் பொறுப்பேற்குமாயின் நிலைமை மாறத் தொடங்கும். அவ்வாறு பயின்ற செவிப்புலன் குறைந்த ஒருவர் நாளை கைதடியிலோ, மட்டக்களப்பிலோ ஆசிரியராக நின்று சைகையால் பாடம் சொல்லும்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளை தன்னாலும் முடியும் என்பதைக் கண்ணெதிரே காணும்.

கல்வி, சுகாதார அமைச்சுகளும், வடக்கு, கிழக்கு மாகாண நிர்வாகங்களும் ஒன்றுகூடி இத்தகைய திட்டமொன்றை வகுக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும், மொழி கற்கும் வயதைக் கடந்துவிட்ட பிள்ளைகளின் தொகையை அதிகரிக்கவே செய்யும்.