பார்த்த சீட்டும் பார்க்காத சீட்டும்

பள்ளியில் நிகழ்தகவுப் பாடம் வந்தால் சீட்டுக்கட்டும் கூடவே வந்துவிடும். 52 சீட்டில் ஏஸ் நான்கு. ஒன்றை உருவினால் அது ஏஸாக இருக்க வாய்ப்பு 4/52, அதாவது 13-இல் ஒன்று. விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. சீட்டுக்கட்டின் சுவையே இரண்டாவது சீட்டில்தான் தொடங்குகிறது.

நன்றாகக் கலைத்த கட்டின் மேல் சீட்டை எடுத்துப் பார்க்கிறீர்கள், ஏஸ். மீதமுள்ள 51 சீட்டில் ஏஸ் மூன்றுதான். அடுத்ததும் ஏஸாக வர 17-இல் ஒரு வாய்ப்பே இருக்கிறது.

இப்போது வேறு மாதிரி செய்வோம். மேல் சீட்டைப் பார்க்காமல், கவிழ்த்தபடியே ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். அது ஏஸாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஒரு சீட்டு குறைந்துவிட்டதே, வாய்ப்பும் மாறியிருக்குமே என்றுதான் தோன்றும். மாறவில்லை, அதே 13-இல் ஒன்றுதான். கவிழ்ந்து கிடப்பது ஏஸ் என்றால் 3/51, இல்லையென்றால் 4/51. முன்னதற்கு 1/13 பங்கும் பின்னதற்கு 12/13 பங்கும் கொடுத்துக் கூட்டிப் பாருங்கள், 1/13 வந்து நிற்கும். கட்டின் நடுவிலிருந்து உருவினாலும் அடியிலிருந்து உருவினாலும் இதே விடைதான். போன சீட்டு எது என்று தெரிந்தால்தான் கணக்கு மாறுகிறது. நிகழ்தகவில் இதைவிட அழகான இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கைச் சூதாட்ட விடுதிக்கே கொண்டுபோனவர் எட்வர்ட் தார்ப். எம்.ஐ.டி.யில் கணிதம் கற்பித்தவர். அங்கிருந்த ஐபிஎம் 704 கணினியில் பிளாக்ஜாக் ஆட்டத்தை அலசி, நெவாடா மாநில விடுதிகளில் ஆடியும் பார்த்துவிட்டு, 1962-இல் 'பீட் த டீலர்' என்ற புத்தகத்தை எழுதினார்.

பிளாக்ஜாக்கில் 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டும். ராஜா, ராணி, ஜாக் மூன்றுக்கும் பத்தாம் சீட்டைப் போலவே பத்து மதிப்பு. ஆகவே பத்து மதிப்புச் சீட்டு மொத்தம் 16. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்து விழுந்தால், வழக்கமான விதிப்படி 100 டாலர் பந்தயத்துக்கு 150 டாலர் கிடைக்கும். டீலருக்கு அதே கை விழுந்தால் நாம் இழப்பது 100 டாலர்தான். அதனால் அந்தக் கை அடிக்கடி விழும் கட்டு ஆட்டக்காரருக்குச் சாதகம்.

புதுக்கட்டில் அது விழும் வாய்ப்பு சுமார் 4.8 சதவீதம். பாதிக் கட்டு ஆடி முடிந்தது, அதில் ஏஸ் ஒன்றும் வரவில்லை, பத்து மதிப்புச் சீட்டு நான்கே வந்தன என்று வையுங்கள். மீதி 26 சீட்டில் நான்கு ஏஸும் 12 பத்தும் பதுங்கியிருக்கின்றன. வாய்ப்பு 14.8 சதவீதமாக ஏறிவிடுகிறது, ஏறக்குறைய மூன்று மடங்கு! பந்தயத்தை உயர்த்த வேண்டிய நேரம் அது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லோர் கண்முன்னும் மேசையில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதுதான் தார்ப்பின் வழி.

அன்று ஒரே கட்டை வைத்துப் பல சுற்று ஆடுவார்கள். விடுதிகள் பிறகு ஆறு கட்டு, எட்டுக் கட்டு என்று சேர்த்துக் கலைக்கத் தொடங்கின. கணிதம் அவர்களுக்கும் தெரியும். ஒரு கட்டில் ஓர் ஏஸ் கண்ணில் பட்டால் அடுத்த ஏஸின் வாய்ப்பு 7.7 சதவீதத்திலிருந்து 5.9-க்கு இறங்கும். எட்டுக் கட்டில், 416 சீட்டுக்கு நடுவே, அது 7.5-க்குத்தான் இறங்குகிறது.